பெரட்டில் படித்த பெயர்

அரை மணி நேர ஏற்றத்துக்கு அலுத்துக்கொண்டதுதான் பிரியந்தி செய்த பாவம்.

இலங்கை மலையகத்தில், டயகமப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் எச்.ஐ.வி. என்று வாயெடுத்தாலே கதவைச் சாத்திக்கொண்ட காலம் உண்டு. அவளும் தோட்டத்துப் பெண்கள் நாலைந்து பேரும் சேர்ந்து நடத்திய சின்ன அமைப்புதான் அந்தக் கதவுகளைத் திறந்தது. ஒன்றரை வருடம் தொழிலாளர் வீட்டு வரிசைகளான லயங்களில் ஏறி இறங்கி, வெளிநாட்டில் வீட்டு வேலை செய்துவிட்டு வந்த பெண்களிடம் ஒரே சொல்லைத்தான் பிரியந்தி திரும்பத் திரும்பச் சொன்னாள்: உங்க பேரு வெளியில போகாது. அதை நம்பிப் பதினெட்டுப் பேர் பரிசோதனை முகாமுக்கு வந்து இரத்தம் கொடுத்தார்கள். முதல் ஆள், குவைத்திலிருந்து திரும்பிய நாகலெட்சுமி. அங்கே எஜமான் வீட்டில் தனக்கு நடந்ததை அவள் பிரியந்தியிடம் மட்டும்தான் சொல்லியிருந்தாள்.

பத்தாம் நாள் ஹட்டன் கிளினிக்கிலிருந்து பேசினார்கள். பதினேழு பேருக்கு ஒன்றுமில்லை. நாகலெட்சுமியின் இரத்தம் இருந்த குழாய் மட்டும் வழியில் உடைந்துவிட்டது, மறுபடி இரத்தம் வேண்டும். வெளியே மழை. நாகலெட்சுமியின் லயமோ மேல் மலையில், அரை மணி நேர ஏற்றம். தடுப்பூசி முதல் காணாமல் போன ஆடு வரை எந்தச் சேதியும், காலையில் வேலைக்குப் பெயர் கூப்பிட எல்லாரும் கூடும் பெரட்டில் சொல்லப்படுவதுதான் தோட்டத்து வழக்கம். பிரியந்தியும் அதில் பிறந்து வளர்ந்தவள்தானே. கணக்கப்பிள்ளை சுதாகரனுக்குப் போன் போட்டு விசயத்தைச் சொல்லிவிட்டு, நிம்மதியாகப் படுத்துவிட்டாள்.

சுதாகரன் கெட்டவரில்லை. மறுநாள் எல்லாரும் கூடையோடு நிற்கையில், நாகலெட்சுமி திரும்பவும் இரத்தம் கொடுக்க ஹட்டனுக்குப் போகணும் என்று சத்தமாகப் படித்தார். மற்றவர்களுக்கு ஒன்றுமில்லையாம் என்று நல்ல மனதோடு சேர்த்தும் சொன்னார்.

உடைந்த குழாயின் கதையை அதற்குப் பிறகு யார் காதில் போட்டுக்கொள்ளப் போகிறார்கள்? தேத்தண்ணி நேரத்தில் அவள் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. வேலை நேரத்தில் குழந்தைகளை விட்டுப்போகும் பிள்ளைக் காம்பராவில் அவள் மகளைத் தனியாக ஒரு மூலையில் வைத்தார்கள். பிரியந்தி போய் சுதாகரனிடம் கத்தினாள். ஒருத்தியின் இரத்தத்தைப் பற்றிப் பெரட்டில் பேசலாமா என்று கேட்டாள். போன் போட்டது யார் என்று அவர் திருப்பிக் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

அடுத்த வாரம் முடிவு வந்தது. நாகலெட்சுமிக்கு ஒன்றுமில்லை. தாளைப் பார்த்தவள் அழவில்லை.

"அக்கா, அன்னைக்குப் படிச்ச மாதிரியே இதையும் பெரட்டுல படிக்கச் சொல்லுங்க."

பிரியந்தி விடியுமுன் ஓடினாள். சுதாகரன் தாளை வாங்கிப் பார்த்து, பத்திரமாக மடித்துத் திருப்பிக் கொடுத்தார்.

"இது அந்தப் புள்ளையோட சொந்த விசயம்மா. பெரட்டுல படிக்க ஏலுமா? நீங்கதானே சொல்லிக் குடுத்தீங்க."

தானே சொல்லிவிடலாம் என்று பிரியந்தி திரும்பினாள். அதற்குள் பெரட்டு கலைந்து, கூடைகள் மலையேறத் தொடங்கிவிட்டன.

அடுத்த முகாமில் நாற்காலிகள் காலியாகக் கிடந்தன. மத்தியானத்துக்கு மேல் நாகலெட்சுமி மட்டும் வந்தாள். உட்கார்ந்து, கையை நீட்டினாள்.

"எடுங்கக்கா. வெளியில போறதுக்கு இனி எனக்குப் பேரு இல்ல."