வாளியில் ஒரு சிலந்தி நண்டு

அமிர்தம் அத்தை குடத்தைக் கவிழ்த்த சத்தத்தில்தான் வெண்மதி நிமிர்ந்தாள். அப்பாவை எடுத்துப்போய் அரைமணி நேரம் ஆகியிருந்தது. சாவு விழுந்த வீட்டில் பழைய தண்ணீர் இருக்கக் கூடாது என்று அண்டா, தவலை, பிளாஸ்டிக் குடம் ஒன்றுவிடாமல் தெருப்பெண்கள் வாசலில் கொட்டிக்கொண்டிருந்தார்கள். அடுத்து நீல வாளி.

"அத ஊத்தாதீங்க அத்த!"

பாதி போய்விட்டது. காலையிலிருந்து பொட்டுக் கண்ணீர் விடாதவள் போட்ட கூச்சலில் அமிர்தம் அரண்டுபோனாள். "பாசி புடிச்சிக் கெடந்துது, அதான்..."

"கடத்தண்ணி அத்த. உள்ள நண்டு இருக்குது."

"அப்பன் போன அன்னிக்கி நண்டப் பாக்குறாளே" என்று யாரோ முணுமுணுத்தார்கள்.

கட்டைவிரல் நகத்தளவு சிலந்தி நண்டு. முதுகில் பாசியை மாட்டிக்கொண்டு ஒளிந்துகொள்ளும் கள்ளி. வெண்மதியின் ஆராய்ச்சிப் படிப்பே அதை வைத்துத்தான். அப்பாவுக்கு மூச்சு முட்டுகிறது என்று போன் வந்ததும், கடலூரிலிருந்து பஸ்ஸில் வாளியைக் காலிடுக்கில் வைத்துக் கொண்டுவந்தாள். அன்றிலிருந்து வாளி அவர் கட்டிலோரம்தான். டார்ச் அடித்து அடித்து அதன் வயிற்றடி முட்டைகளைப் பார்ப்பார். ஆரஞ்சு நிறம் பழுப்பானதையும், முட்டைக்குள் கண் தெரிந்ததையும் அவர்தான் முதலில் கண்டுபிடித்தார்.

"இதுக்குமேல இது ஓடு கழட்டாதுப்பா. வளராது. சாவுற வரைக்கும் முட்டதான்."

"அப்ப பெர்மனன்ட் ஆயிட்டுதுன்னு சொல்லு." முப்பது வருஷம் சுரங்கத்தில் காண்ட்ராக்ட்டாகவே கழித்த பழனிவேல் சிரித்தார். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது. நேற்று கண் செருகும்முன் அவர் கடைசியாகக் கேட்டதும் நண்டைப் பற்றித்தான். "குஞ்சு வந்தா சொல்லு பாப்பா."

வெண்மதி வாளிக்குள் குனிந்தாள். நண்டு அடியில் ஒட்டிக்கொண்டிருந்தது. வயிறு காலி. மிச்சத் தண்ணீரில், வெளிச்சம் விழுந்த பக்கமெல்லாம் தூசி துள்ளிக்கொண்டிருந்தது. தூசியில்லை. ஒவ்வொன்றுக்கும் இரண்டு கறுப்புக் கண்கள்.

இதைச் சொல்ல வேண்டிய ஒரே ஆள் இப்போது சுடுகாட்டில் இருக்கிறார். அண்ணனுக்குப் போன் போட்டாள்.

"அண்ணா, கொள்ளி வச்சிட்டியா?"

"இன்னும் இல்ல. ஏன் பாப்பா?" என்றான் மணிமாறன்.

"குஞ்சு பொரிச்சிடுச்சு. அப்பா காதுல சொல்லிடுண்ணா."

மறுமுனையில், "நேரமாவுது தம்பி" என்று யாரோ அவசரப்படுத்தினார்கள்.

"செத்த இருங்க. மொகத்து மேல இருக்குற வறட்டிய எடுங்க" என்றான் மணிமாறன்.

வறட்டிகள் சரிகிற சத்தம் கேட்டது. பிறகு, தணிந்த குரலில், "அப்பா" என்றான்.