நாகப்பட்டினம் பஸ் போனால் இடப்பக்கம்

1969 அறுவடையில் கூலித் தகராறு முற்றி, இடுப்பும் தொடையும் முறிந்தவர்கள் கீழ்வேளூர் தாண்டியிருந்த அரசு ஆஸ்பத்திரியில் வரிசையாகக் கிடந்தார்கள். அசையாமல் கிடந்தால் முதுகில் புண் வரும். புண் புரையோடினால் ஆளே போய்விடுவான். அந்த வார்டிலோ மாதக்கணக்காக ஒருத்தர் முதுகிலும் புண் இல்லை. அதைப் பார்க்கத்தான் சென்னையிலிருந்து பெரிய டாக்டரம்மா வருகிறார்.

"உங்க யோசனைன்னே சொல்லுங்க சிஸ்டர். ஹெட் நர்ஸ் வேலை உங்களுக்குத்தான்" என்றார் அந்த ஆஸ்பத்திரி டாக்டர் பஞ்சநாதன். பத்து வருஷமாகக் காத்திருந்த வேலை. நர்ஸ் சௌந்தரநாயகிக்கு ஆசை வந்தது, பொய் சொல்வானேன்.

இரண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் நோயாளியைத் திருப்பிப் படுக்க வைக்கவேண்டும் என்று அவள் படித்த புத்தகத்திலேயே இருக்கிறது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவுமா? முப்பது பேருக்கு ஒரே நர்ஸ். வார்டு ஆயா ராஜாத்திதான் வழி கண்டாள். வாசலில் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு பஸ் போகும். நாகப்பட்டினம் பஸ் போனால் எல்லோரும் இடப்பக்கம். திருவாரூர் பஸ் போனால் வலப்பக்கம். சோறு கொண்டுவந்த சொந்தக்காரர்களையெல்லாம் பிடித்து, தூக்கித் திருப்பப் பழக்கினாள். மிராசுதார் வீட்டு ஆளைத் திருப்பக் கூலியாள் பெண்சாதி கைகொடுத்தாள். முறைத்துக்கொள்ள யாருக்கும் நேரமில்லை.

அந்த ராஜாத்தியைத்தான் அன்றைக்குச் சமையல்கட்டுக்குப் பின்னால் இருக்கச் சொல்லிவிட்டார் பஞ்சநாதன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை!

டாக்டரம்மா ஒவ்வொரு முதுகாகப் பார்த்து அசந்துபோனார். "யாரோட யோசனை இது?"

பஞ்சநாதன் சௌந்தரநாயகியைக் கைகாட்டினார். வெளியே நாகப்பட்டினம் பஸ் ஹாரன் அடித்தது. முப்பது பேரும் கைகளை மார்பில் கட்டிக்கொண்டு, திரும்பத் தயாராகி, வாசலையே பார்த்தார்கள்.

"ராஜாத்தி எங்க சிஸ்டர்? பஸ் போயிடுச்சே!" என்றான் தொடை முறிந்த அய்யாக்கண்ணு.

சௌந்தரநாயகியை வெட்கம் பிடுங்கித் தின்றது. "என் யோசனை இல்லைங்கம்மா. எங்க ஆயா ராஜாத்தி கண்டுபிடிச்சது. நானே அவங்ககிட்டதான் கத்துக்கிட்டேன்" என்று வார்டே கேட்கும்படி சொன்னாள். பஞ்சநாதன் முகம் கறுத்தது. ஹெட் நர்ஸ் வேலை அந்த இடத்திலேயே போயிற்று. போகட்டுமே! அவளுக்கு நெஞ்சு நிமிர்ந்தது. தானே ஓடிப்போய் ராஜாத்தியைக் கையைப் பிடித்து அழைத்துவந்தாள்.

ராஜாத்தி யாரையும் கும்பிடவில்லை. முதலில் சொந்தக்காரர்களைக் கூப்பிட்டு முப்பது பேரையும் திருப்பிப் போட்டுவிட்டுத்தான் வந்து நின்றாள். டாக்டரம்மா நோட்டைத் திறந்து, பெயரை வாய்விட்டுச் சொல்லியபடி எழுதினார்.

"வெறும் ராஜாத்தின்னு எழுதிடாதீங்கம்மா" என்றாள் அவள். "எங்க தெருவுலயே நாலு ராஜாத்தி. காத்தான் மக ராஜாத்தின்னு போடுங்க. இல்லேன்னா நாளைக்கு எவளாவது வந்து நான்தான்னு நிப்பா."

டாக்டரம்மா எழுதியதை அடித்துவிட்டு, அவள் சொன்னபடியே எழுதினார்.