துண்டை விலக்கிய வீடியோ

1

இந்தக் கதை எனக்குச் சும்மா கிடைத்தது. சும்மா கிடைக்கும் சரக்கை முகர்ந்து பார்க்காமல் தொடக்கூடாது என்று வளர்த்த வெங்காய மண்டிக் குடும்பம் எங்களுடையது. ஆகவே முகர்ந்துகொண்டேதான் எழுதுகிறேன்.

முதல் தொடக்கம்: ‘திண்டுக்கல் மலைக்கோட்டைமேல் வெயில் சாயும் நேரத்தில் முஹ்சினா…’ வேண்டாம். வெயிலை விற்றா பிழைக்க வேண்டும்?

இரண்டாவது: முஹ்சினா ஜவுளிக்கடை வேலையை விட்டுவிட்டு யூடியூப் சேனல் தொடங்கினாள். சந்தை சந்தையாகப் போய் எடுத்தாள். நாற்பது வீடியோ. பார்த்தவர்களில் பாதிப் பேர் சொந்தக்காரர்கள். [மீதிப் பாதியில் நானும் ஒருவன்.]

2

அவள் அண்ணன் வாஜித் ஆட்டு வியாபாரி. வடமதுரைப் பக்கத்துச் சந்தையில் வாங்கி, டவுன் பிரியாணிக் கடைகளுக்குக் கொடுப்பவர். அந்தச் சந்தையில் விலையை வாயால் சொல்வதில்லை. துண்டுக்குள் கைவிட்டு ஒருவர் விரலை ஒருவர் பிடிப்பார்கள்; பிடித்த விரல்தான் விலை. பக்கத்தில் நிற்பவனுக்குக்கூடத் தெரியாது.

அதைத் துண்டில்லாமல் நடித்துக் காட்டச் சொன்னாள் தங்கை. வாஜித்துக்கு நடிப்பு வரவில்லை. “ஆடு இல்லாம வெறுங்கையப் புடிச்சா வெரலே ஓட மாட்டேங்குதும்மா” என்று, ஆடு விற்க வந்திருந்த அகரம் சோலைமலையின் கிடாயை நிஜ விலைக்கே பேசி முடித்தார். துண்டு இல்லை. கேமரா இருந்தது.

மூன்று லட்சம் பேர் பார்த்தார்கள். வாஜித் என்ன விலைக்கு வாங்குகிறார் என்று பிரியாணிக் கடைக்காரர்களும் பார்த்தார்கள்.

3

(வாஜித்தை அப்பாவியாக்குகிறேனோ? அவரிடம் ஆடு வாங்கிய எவரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். ஆனால் அன்று என்ன நினைத்துக் கையை நீட்டினார் என்று எனக்குப் பிடிபடவில்லை.)

மறுவாரம் அவர் துண்டை எடுத்ததும் எல்லோரும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்கள். சோலைமலை மட்டும் வாய் திறந்தார்:

“ஒங்க கூட வெரல் புடிக்கிறதும் மைக்குல கத்துறதும் ஒண்ணுதான அப்பு.”

அதே வாரம் முஹ்சினாவுக்கு ஒரு தீவனக் கம்பெனியிலிருந்து போன். ஒரு வருட விளம்பரம், மாதாமாதம் பணம். அந்த வீடியோ அப்படியே இருக்கவேண்டும். சேனலிலிருந்து எடுத்துவிட்டால் ஒப்பந்தப் பேச்சே இல்லை. வெள்ளிக்கிழமைக்குள் பதில் வேண்டும்.

வாஜித் வீடியோவை எடுத்துவிடச் சொல்லவில்லை. அங்கேதான் குழம்பினேன். வேறு சந்தை பார்த்துக்கொள்கிறேன் என்றாராம். [வீடியோ போகாத சந்தை எது?]

4

முடிவு அ: எடுத்துவிடுகிறாள். ஜவுளிக்கடைக்குத் திரும்பி, மடித்த சேலையை மறுபடி… எழுத எனக்குக் கை ஓடவில்லை.

முடிவு ஆ: எடுக்கவில்லை. அண்ணன் சேனலில் பங்குதாரர் ஆகிறார். நல்ல முடிவு. அதனாலேயே நம்பமுடியவில்லை.

முஹ்சினாவுக்கே போன் போட்டு, எழுதுவதைச் சொன்னேன்.

“முடிவ எழுதிராதீங்கண்ணே. நீங்க எதை எழுதுனாலும் நான் சொல்லித்தான் எழுதுனீங்கன்னு அண்ணன் நெனைக்கும்.” பிறகு, “நீங்களா இருந்தா என்ன செய்வீங்க?” என்றாள்.

முதல் விலையை என் வாயால் சொல்லிப் பழக்கமில்லை. வேறு போன் வருகிறது என்றேன். வரவில்லை.

5

இன்று வியாழன்.

நீங்கள் அந்த வீடியோவைத் தேடலாம். பார்த்தால் எண்ணிக்கையில் ஒன்று கூடும். கம்பெனிக்காரன் பிடி இறுகும். பார்க்காவிட்டால் வாஜித்தின் கையைப் பார்த்த கண்களில் ஒரு ஜோடி குறையும். நான் ஒன்பது முறை பார்த்தேன், கதைக்காகத்தான். அந்த ஒன்பதை யார் பக்கம் சேர்ப்பது என்று தெரியவில்லை. இதைப் படித்து முடித்ததும் உங்கள் கை போனை எடுத்தால், முஹ்சினாவுக்கு நீங்கள் சொன்ன பதில் அதுதான்.