மேசைக்கு வாரம் ஒரு சண்டை

கண்டனூரில் இருந்த எங்கள் வீட்டைப் பிரித்து மேசை நாற்காலி செய்த கடை, எனக்கும் தம்பி நாச்சியப்பனுக்கும் அந்த மரச்சாமான்களைப் பராமரிக்கும் வேலையைக் கொடுத்தது. பழைய மரத்தில் வீட்டுக்காரர்களின் சண்டை ஊறியிருக்க வேண்டும். அது வற்றினால் மரம் புதிதாகிவிடும். பிறகு அதற்கும் பிளைவுட்டுக்கும் வித்தியாசம் தெரியாது.

எங்கள் வாசல் கதவு இப்போது சென்னையில், வந்தனா மேடத்தின் பதினோராவது மாடி ஃப்ளாட்டில் சாப்பாட்டு மேசையாக இருக்கிறது. செவ்வாய்தோறும் மதியம் நாங்கள் ஆளுக்கொரு பக்கம் நின்று, அந்த வீட்டை விற்க வைத்த அதே சண்டையைப் போடுவோம்.

"கெணத்துப் பக்கம் எனக்குன்னு அப்பா சொன்னாருல்ல?" என்பான் தம்பி.

"யாருகிட்ட சொன்னாரு? ஒன் பொண்டாட்டிகிட்டயா?" என்பேன்.

மேடமும் விருந்தாளிகளும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு கேட்பார்கள். எங்கள் குடும்பம் நாசமானதில் அவர்களுக்கு அப்படி ஒரு ரசனை. "என்ன ஒரு ஆதென்டிக் ஃபீல்!" என்று யாராவது உருகுவார்கள்.

ஒப்பந்தத்தில் ஒரே நிபந்தனைதான். நாங்கள் சமாதானமாகக் கூடாது. அதனால் தனித்தனி லிஃப்டில்தான் ஏற்றி இறக்குவார்கள். எனக்கோ தம்பியோடு நாலு வார்த்தை நல்லபடியாகப் பேச ஏக்கமாக இருந்தது. மூன்று வருஷமாக அவனைத் திட்டுவதற்கு மட்டும்தான் அனுமதி.

போன செவ்வாய், சண்டையில் கிணறு வரைக்கும் வந்த தம்பி அப்படியே நிறுத்திவிட்டான்.

"எளைச்சுப் போயிட்டியேண்ணே," என்றான்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. "சுகருடா," என்றேன்.

மேசை ஓரத்தில் வெளுக்கத் தொடங்கியது. மேடம் உடனே கடை மேலாளருக்கு ஃபோன் போட்டார். "சீக்கிரம் வாங்க சார், ரெண்டு பேரும் பேசிக்கிறாங்க. ஒரு மூலை ஏற்கெனவே புதுசாயிடுச்சு."

மேலாளர் வந்தால் எங்களை ஆளுக்கொரு ஊருக்கு மாற்றிவிடுவார். அப்புறம் திட்டிக்கொள்ளக்கூட முடியாது.

"வாண்ணே, வீட்டுக்குப் போயிருவோம்," என்றான் தம்பி.

எங்கள் வாசல் கதவுதான் எதிரிலேயே மேசையாக இருந்ததே. இருவரும் குனிந்து மேசைக்கு அடியில் போனோம். முற்றத்தில் நல்ல வெயில். தம்பி கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டான்.

கொஞ்ச நேரத்தில் யாரோ தட்டினார்கள்.

"யாரு?" என்றேன்.

"நான்தான், வந்தனா. கெஸ்ட்ஸ் எல்லாம் பசியோட இருக்காங்க. சாப்பிடணும்."

தம்பி என்னைப் பார்த்தான்.

"இப்பத்தாம்மா பாத்திரத்தையெல்லாம் கழுவிக் கவுத்தோம்," என்றேன். "வேற வீடு பாருங்க."

தட்டுகளோடு அவர்கள் பக்கத்து ஃப்ளாட்டுக்குப் போகும் சத்தம் கேட்டது.