மொட்டைக் கண்டக்டரும் கார்வேட்டிநகரத்து ஜமீனும்

கன்னையா விசிலை ஒரு தடவை ஊதினால் பஸ் நிற்கும். இரண்டு தடவை ஊதினால் கிளம்பும். சித்தூரிலிருந்து திருப்பதி வரைக்கும், படியில் தொங்கிக்கொண்டு வரும் காலேஜ் பையன்கள் உட்பட, யாரும் அவர் பேச்சுக்கு மறுபேச்சு பேசியதில்லை. அப்பேர்ப்பட்ட மனிதரை வீட்டில் ஒரு முழ உயரம்கூட இல்லாத நாய் ஒன்று மதிக்கவே இல்லை.

நாயின் பெயர் ஜமீன். கார்வேட்டிநகரத்தில் ஒரு டீக்கடைக்காரர் கொடுத்த குட்டி அது. அந்த ஊரில் ஒரு காலத்தில் ஜமீன் இருந்ததாம். அந்த மிடுக்கெல்லாம் கடைசியில் இதற்குத்தான் வந்து சேர்ந்திருக்கிறது என்று சொல்லி, கன்னையாவின் மனைவி நளினி வைத்த பெயர். நாயும் பெயரைக் காப்பாற்றியது. கூப்பிட்டால் வராது. திட்டினால் கொட்டாவி விடும். நாற்காலியில் யாராவது உட்கார்ந்திருந்தால் எதிரே போய் நின்று, எழுந்து இடம் விடும்வரை முறைக்கும். எழுந்திருப்பது பெரும்பாலும் கன்னையாதான்.

ஒரே ஒரு காரியத்தில் மட்டும் அது தவறியதில்லை. டூட்டி முடிந்து கன்னையா தெருமுனை திரும்பும்போதே கேட்டருகே வந்து நிற்கும். "இன்னாடா, துன்னியா?" என்று அவர் கேட்பார். அது வாலை ஆட்டும். மகள் பவ்யா ஸ்ரீசிட்டியில் வேலை கிடைத்துப் போன பிறகு வீடு வெறிச்சென்று ஆகிவிட்டது. நளினியோ அந்த நேரத்தில் சீரியலை விட்டு எழுந்திருக்க மாட்டாள். நாள் முழுக்க நின்றுகொண்டே வேலை செய்துவிட்டு வருகிறவருக்கு, தன்னை எதிர்பார்த்து ஒரு ஜீவன் நிற்கிறது என்பதே பெரிய ஆறுதலாக இருந்தது.

வினை மாடியிலிருந்து இறங்கி வந்தது. வீட்டுச் சொந்தக்காரர் வள்ளியம்மாள் தினமும் காலையில் கூடையோடு கீழே வந்து, கேட்டருகே இருக்கும் நந்தியாவட்டைச் செடியில் சாமிக்குப் பூப்பறிப்பார். ஜமீனுக்கு அந்தச் செடி தன் எல்லைக்குள் இருக்கிறது என்று நினைப்பு. அவர் புடவைத் தலைப்பைக் கவ்விக்கொண்டு விடாது. ஆடி மாதம் பிறந்த அன்று, நகரியில் எடுத்த புதுப்புடவை கிழிந்தது. வள்ளியம்மாள் சத்தம் போடவில்லை. அதுதான் பயமாக இருந்தது. ஆடிக் கடைசி வெள்ளியன்று பூப்பறிக்க வருவேன், அன்றைக்கு நாய் இருந்த இடத்தில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அன்றே அதை வீட்டைவிட்டு அனுப்பிவிட வேண்டும் என்று நிதானமாகச் சொல்லிவிட்டுப் படியேறிப் போனார்.

அனுப்புவதென்றால் ஒரே இடம்தான். குடிபாலாவில் நளினியின் தம்பி முனியப்பனுக்கு மாந்தோப்பு இருக்கிறது. அங்கே காவலுக்கு இருப்பவை காட்டுப்பன்றியைத் துரத்துகிற நாய்கள். ஜமீன் தன் மிடுக்கோடு அவற்றின் முன்னால் போய் நின்று முறைத்தால் என்ன ஆகும் என்று கன்னையா நினைத்துப் பார்த்தார். 

மறுநாளே பாடம் ஆரம்பமானது. செல்போன் வீடியோவில் ஒருவர் நாய்க்கு பிஸ்கட்டைக் காட்டி 'சிட்' என்கிறார், நாய் உட்காருகிறது. கன்னையாவும் பிஸ்கட்டைக் காட்டினார். ஜமீன் எம்பி அதைப் பிடுங்கிக்கொண்டு கட்டிலுக்கடியில் போய்விட்டது. தமிழில் சொன்னார், தெலுங்கில் சொன்னார். தானே தரையில் உட்கார்ந்து காட்டினார். காலியான நாற்காலியில் ஜமீன் ஏறிக்கொண்டு அவரை வேடிக்கை பார்த்தது. யார் யாருக்குப் பாடம் எடுக்கிறார்கள் என்று நளினி கேட்டாள். 

ஆடி ஓடிக்கொண்டே இருந்தது. ஒருநாள் திருப்பதி பஸ் ஸ்டாண்டில் பஸ்ஸை விட்டு இறங்கிய கன்னையா, மலையைப் பார்த்துக் கை கூப்பினார். இந்த நாய்க்குப் புத்தி வந்தால் என் முடியை உனக்குக் கொடுக்கிறேன் என்று வேண்டிக்கொண்டார். அது சாதாரண முடி இல்லை. ஐம்பது வயதிலும் நரைக்காத, அடர்ந்த சுருட்டை முடி. அந்த ரூட்டில் 'சுருட்டைக் கண்டக்டர்' என்றால்தான் அவரைத் தெரியும். பேன்ட் பாக்கெட்டில் பர்ஸை மறந்தாலும் சீப்பை மறக்கமாட்டார்.

வேண்டிக்கொண்ட சில நாளில் அது நடந்தது. அவருடைய செருப்பைக் கவ்விக்கொண்டு ஓடிய ஜமீனைப் பார்த்து, ஆத்திரத்தில் விசிலை எடுத்து ஒரு ஊது ஊதினார். ஜமீன் நின்றது. நின்றதோடு விடாமல் சட்டென்று உட்கார்ந்தது. அவருக்கு நம்பிக்கை வரவில்லை. இரண்டு தடவை ஊதினார், எழுந்து ஓடியது. மறுபடி ஒன்று ஊதினார், உட்கார்ந்தது. நளினி பழைய புடவையைத் தரையில் புரளவிட்டுக்கொண்டு அதன் மூக்குக்கு நேராகக் குறுக்கும் நெடுக்கும் நடந்தாள். ஜமீன் அசையவில்லை. கன்னையாவின் கண் கலங்கிவிட்டது.

கெட்டிக்காரராக இருந்திருந்தால் அந்த மட்டில் வெள்ளிக்கிழமைவரை சும்மா இருந்திருப்பார். வியாழக்கிழமை காலை டூட்டி திருப்பதியோடு முடிந்தது. மலை கண்ணெதிரே நின்றது. சாமி தன் பங்கைச் செய்துவிட்டார், நாம் இழுத்தடிக்கலாமா என்று மனசு அரித்தது. போனில் நளினியிடம் சொன்னார்.

"நாளிக்கு அந்தம்மா வந்து பாத்துட்டுப் போவட்டும். அப்பறம் போய் குடேன்யா," என்றாள் அவள்.

"சாமிகிட்ட போய் பேரம் பேசச் சொல்றியா?" என்று கேட்டுவிட்டு அவர் மலைக்கு பஸ் ஏறினார்.

வெள்ளிக்கிழமை காலை சித்தூரில் வந்து இறங்கியபோது தலை பளபளவென்று, சந்தனம் பூசி, வாசமாக இருந்தது. மனசும் நிறைந்திருந்தது. தெருமுனை திரும்பினார். கேட்டில் ஜமீன் வழக்கம்போல் வந்து நின்றிருந்தது. மாடிப்படியில் வள்ளியம்மாள் கூடையோடு இறங்கிக்கொண்டிருந்தார். எல்லாம் சரியான நேரத்துக்கு நடக்கிறது என்று நினைத்துக் கன்னையா கேட்டில் கை வைத்தார்.

ஜமீன் பாய்ந்தது. கம்பிகளுக்கு நடுவே மூக்கை விட்டு, ஊரே கேட்கும்படி குரைத்தது. நான்தான்டா என்றார் கன்னையா. கேட்கவில்லை. பாக்கெட்டிலிருந்து விசிலை எடுத்து ஊதினார். அவ்வளவுதான், ஜமீனுக்கு வெறி பிடித்துவிட்டது. எவனோ ஒரு மொட்டையன் தன் எஜமானின் விசிலைத் திருடிக்கொண்டு வாசலுக்கே வந்திருக்கிறான் என்று அது முடிவு கட்டியிருக்க வேண்டும். கம்பியை ஒட்டியிருந்த அவருடைய பேன்ட்டைக் கவ்வி இழுத்தது. ஓடி வந்த நளினியும் கணவரைப் பார்த்து ஒரு கணம் யாரோ என்று தயங்கித்தான் நின்றாள்.

வள்ளியம்மாள் கடைசிப் படியில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

கன்னையா விசிலைப் பாக்கெட்டில் போட்டார். முடியும் போயிற்று, நாயும் போயிற்று. அந்தச் சுருட்டை முடிக்கு அடியில் இருந்த ஆள் யாரென்று இந்த நாய்க்குத் தெரியவே தெரியாதா என்று நினைத்தார். கேட்டுக்கு வெளியே தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். அதட்டத் தோன்றவில்லை. குடிபாலாவுக்குப் போகிற ஜீவன், வெறும் வயிற்றோடு போகக்கூடாதே என்றுதான் தோன்றியது.

"இன்னாடா," என்றார் மெல்ல. "துன்னியா?"

குரைப்பு பாதியில் நின்றது. ஜமீன் காதை உயர்த்தி அவரைப் பார்த்தது, தலையைச் சாய்த்துப் பார்த்தது, கம்பி வழியே அவர் கையை முகர்ந்தது. நளினி கேட்டைத் திறந்ததுதான் தாமதம், ஓடி வந்து அவர் மடியில் ஏறி, தோளில் காலை வைத்து, மொட்டைத் தலையிலிருந்த சந்தனத்தை நக்க ஆரம்பித்தது. வள்ளியம்மாள் செடியருகே போனார். தலைப்பு காற்றில் ஆடியது. நிதானமாகக் கூடை நிறையப் பூப்பறித்தார். ஜமீன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை; அதற்குத் தலையில் வேலை இருந்தது.

"விசிலுக்கு அடங்கலியே, கன்னையா," என்றார் வள்ளியம்மாள்.

"அடங்கலம்மா," என்றார் அவர். பொய் சொல்ல வாய் வரவில்லை.

"மொட்டை அடிச்சா வூட்டு ஆளையே உள்ள வுட மாட்டேங்குது. இத்த அனுப்பிட்டு ராத்திரியெல்லாம் நான் முழிச்சிகினு இருக்கணுமா? கெடக்கட்டும்."

சொல்லிவிட்டுப் படியேறினார்.

அதற்குப் பிறகு ஜமீன் விசிலுக்கு உட்காரவே இல்லை. விசில் சத்தம் கேட்டாலே திருடன் ஞாபகம் வந்து உறுமியது. கன்னையாவும் வீட்டில் ஊதுவதை விட்டுவிட்டார். பஸ்ஸில் மட்டும் ஊதினார். அங்கேயும் பாதிப்பேர் புதுக் கண்டக்டர் என்று நினைத்துச் சில்லறைக்குத் தகராறு செய்தார்கள். முடி வளரும்வரை வம்பு வேண்டாமென்று, தினமும் தெருமுனையிலிருந்தே உரக்கக் கேட்டுக்கொண்டு வந்தார்: "இன்னாடா, துன்னியா?"

ஒருநாள் மாலை மாடியிலிருந்து பதில் வந்தது.

"துன்னுச்சி, துன்னுச்சி," என்றார் வள்ளியம்மாள். "எங்கூட்டு இட்லி."