லேசா கேக்குது

அமலாவின் காதைப் பற்றி முதலில் சொல்லிவிட வேண்டும். மாதா கோயில் பாடகர் குழுவில் யாராவது இம்மி சுருதி விலகினாலும், பூசை நடந்துகொண்டிருக்கிறதே என்றுகூடப் பார்க்காமல் திரும்பி முறைக்கிற காது அது. அந்தக் காதை நம்பித்தான் அவள் புருஷன் தென்னரசு, திண்டிவனத்தில் ரயில் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிற வீட்டின் முன்னறையில், கிதாருக்கு வால்வு ஆம்ப்ளிஃபயர் செய்துகொண்டிருந்தான். இந்தக் காலத்தில் யாரய்யா வால்வு வைத்துச் செய்கிறான் என்று நீங்கள் கேட்கலாம். கண்ணாடிக் குடுவைக்குள் கம்பி சிவந்து, சூடேறி, அதற்கப்புறம் ஒரு தந்தியைத் தட்டினால் வருகிற சத்தத்தை ஒரு தரம் கேட்டுவிட்டு அப்புறம் கேளுங்கள்.

வேலை நடக்கிற விதம் இப்படி. சர்க்யூட் போடுவது, ஈயம் வைப்பது, ஒயர் இழுப்பது எல்லாம் தென்னரசு. பெட்டி உயிர் பெற்றதும் அமலா வர வேண்டும். ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் முக்காலி போட்டு, சுவரைப் பார்த்து உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். அவன் கை எதைத் தொடுகிறது, எதைக் கழற்றுகிறது என்று அவள் பார்க்கவே கூடாது. பார்த்தால் காது பொய் சொல்லும் என்பான். அவன் எதையாவது மாற்றிவிட்டுக் கேட்பான், அவள் சொல்வாள். உறுமுது, கரகரங்குது, சுத்தமா இருக்கு. அவ்வளவுதான் பேச்சு. அவள் உறுமுது என்றால் மீட்டர் என்ன சொன்னாலும் அவன் மறுபடி பிரித்துவிடுவான்.

இப்படி ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்த வீட்டில்தான் அந்த விசில் வந்து சேர்ந்தது, சனியன்.

விழுப்புரத்தில் ஒரு மாதா கோயிலில் கிதார் வாசிக்கிற அறிவுச்செல்வன் என்பவர், கிறிஸ்துமஸுக்குள் வேண்டும் என்று ஒரு பெட்டி கேட்டிருந்தார். ஆடி மாதம் முடிவதற்குள் தென்னரசு அதைச் செய்து முடித்துவிட்டான். முதல் நாள் அமலா சுவரைப் பார்த்து உட்கார்ந்து கேட்டபோது அவளுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. மேல் தந்தியின் மினுக்கு ஒவ்வொன்றும் தனித்தனியாகக் காதில் விழுந்தது. இத்தனை வருஷத்தில் இவன் இப்படி ஒன்று செய்ததே இல்லை என்று நினைத்தாள். அறிவுச்செல்வனும் வந்து வாசித்துப் பார்த்துவிட்டு, இப்போதே பைக்கில் கட்டிக்கொண்டு போகிறேன் என்று நின்றார். தென்னரசுதான் விடவில்லை. உள்ளே மெல்லிசாக ஒரு விசில் ஓடுகிறது, அதைப் பிடித்துவிட்டுத் தருகிறேன் என்றான். தனக்குக் கேட்கவில்லையே என்று அவர் சொல்லிப் பார்த்தார். எடுபடவில்லை.

அவர் போனதும் தென்னரசு அமலாவைக் கேட்டான். இல்லவே இல்லை என்று சொல்லத்தான் வாயெடுத்தாள். சொல்வதற்குள் திரும்பி அவன் முகத்தைப் பார்த்துத் தொலைத்தாள்.

அந்த முகத்தை அவள் போன வருஷமும் பார்த்திருந்தாள். தென்னரசு இருபது வருஷத்துக்கு மேல் விழுப்புரத்து இன்னிசைக் குழு ஒன்றில் லீடு கிதார். முதுகுக்குப் பின்னால் டிரம்ஸ், காதுக்குப் பக்கத்தில் ஆளுயர ஸ்பீக்கர் என்று திருவிழாத் திருவிழாவாக நின்றவன். கூட கீபோர்டு வாசிக்கிற மணிமாறன், சவுண்டைக் குறைங்கண்ணே, பாடுறவங்க கதறுறாங்க என்று ஒரு திருவிழாவில் சொன்னான். அடுத்த திருவிழாவிலும் சொன்னான். அதற்கடுத்த திருவிழாவுக்குக் கூப்பிடவே இல்லை. பொறாமை பிடித்த பசங்க என்று தென்னரசு வெளியே சொல்லிக்கொண்டு திரிந்தான். ஆனால் ஒரு நாள் சோற்றில் கையை வைத்தபடியே, கோளாறு எங்கிட்டதானா அமலா என்று கேட்டான். அன்றைக்கு இருந்த அதே முகம்தான் இப்போது அவள் முன்னால் இருந்தது.

"லேசா கேக்குது," என்றாள் அமலா.

அவன் முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. அதைப் பார்த்து அவளுக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. பாவி, அந்தச் சந்தோஷத்துக்கு எவ்வளவு அழப்போகிறோம் என்று அப்போது தெரியவில்லை.

அன்றிலிருந்து வேட்டை ஆரம்பித்தது. முதலில் ஒயர்களை எல்லாம் பிடுங்கி வேறு வழியாக இழுத்தான். அப்புறம் வால்வுகளை மாற்றினான். அப்புறம் டிரான்ஸ்ஃபார்மரைத் திருப்பி வைத்தான், அதையே கழற்றி வேறு வைத்தான். ஒவ்வொன்றுக்கும் அவள் முக்காலியில் உட்கார்ந்து, கண்ணை மூடி, லேசா கேக்குது என்று சொன்னாள். ஒரு தரம் தைரியம் வந்து, இப்ப நின்னுபோச்சுங்க என்று சொல்லிப் பார்த்தாள். நல்லா கேளு, இருக்குது பாரு என்றான் அவன். அவள் கேட்பது போல் கொஞ்சம் இருந்துவிட்டு, ஆமா என்றாள். வேறென்ன செய்வாள்.

எதற்கும் அடங்காமல் போகவே, விசிலை அமுக்குவதற்கென்று சின்னச் சின்னக் கண்டன்சராக வைக்க ஆரம்பித்தான். அங்கே ஒன்று, இங்கே ஒன்று. கண்டன்சர் விசிலை மட்டுமா அமுக்கும்? மேல் சுருதியில் இருக்கிற சத்தம் அத்தனையையும் சேர்த்து அமுக்கியது. அந்த மினுக்கு போய்விட்டது. அது கொஞ்சம் கொஞ்சமாகச் சாவதை அமலா சுவரைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். ஐப்பசியில் அறிவுச்செல்வன் மறுபடி வந்து வாசித்துப் பார்த்துவிட்டு, என்னண்ணே, போர்வை போட்டு மூடின மாதிரி இருக்குதே என்று பயந்து பயந்து சொன்னார். தென்னரசுக்கு அது புரியவே இல்லை. முன்னாடி எப்படி இருந்துச்சோ அப்படித்தான் இருக்குது என்று அடித்துச் சொன்னான். அப்போதுதான் அமலாவுக்கு உறைத்தது. அவனுக்கு இல்லாத விசில் கேட்கிறது, இருந்த மினுக்கு கேட்கவில்லை.

கூட்டேரிப்பட்டில் ஒரு சாவு என்று வீட்டில் பொய் சொல்லிவிட்டு விழுப்புரத்துக்குப் பஸ் ஏறினாள். காது டாக்டரம்மாவிடம் எல்லாவற்றையும் ஒப்பித்தாள். ஆளைக் கூட்டிவராமல் எதையும் உறுதியாகச் சொல்ல முடியாதும்மா என்றார் அவர். ஆனால் பெரிய சத்தத்தில் வருஷக்கணக்காக நின்றவர்களுக்குக் காதுக்குள்ளேயே இப்படி விசில் வருவதுண்டு, போன செவித்திறன் பெரும்பாலும் திரும்புவதில்லை, இருப்பதையாவது காப்பாற்ற வேண்டும், சீக்கிரம் அழைத்து வாருங்கள் என்று சொல்லி அனுப்பினார். திரும்பி வருகிற வழியெல்லாம் இன்றைக்குச் சொல்லிவிடுவது என்று மனதுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டே வந்தாள். வீட்டு வாசலிலேயே அவன் நின்றிருந்தான், புதிதாக ஒரு கண்டன்சர் வைத்திருக்கிறேன், வந்து கேளு என்று.

அவள் போய் உட்கார்ந்தாள். கேட்டாள். லேசா என்றாள். வாயில் வைத்துத் தைத்தது போல அந்த ஒரு வார்த்தைதான் வந்தது.

கார்த்திகையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிந்து வந்து சாப்பிட்டாயிற்று. வெளியே விடாமல் மழை. தென்னரசு அன்றைக்குப் புதிதாக எதையும் வைக்கவில்லை. பெட்டியைப் பிரித்துப் போட்டபடியே ஓடவிட்டு வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான். அப்புறம் அவளைக் கூப்பிட்டு, இன்றைக்குக் கோளாறு எந்த வால்வில் இருக்கிறது என்று பார்த்துவிடலாம், உட்கார் என்றான். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. அவள் சுவரைப் பார்த்து உட்கார்ந்து கண்ணை மூடினாள்.

"கேக்குதா?"

"லேசா கேக்குது."

பின்னால் துணி உரசுகிற சத்தம். சூட்டுக்குத் துணியைச் சுற்றி எதையோ பிடித்திருக்கிறான் என்று தெரிந்தது.

"இப்ப?"

"இருக்குதுங்க. லேசா."

மறுபடி துணி. மழை தகரத்தில் கொட்டிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்துக்குள் மெல்லிய விசிலைக் கேட்டேன் என்கிறோமே, கொஞ்சமாவது நம்புகிற மாதிரியா இருக்கிறது என்று அவளுக்கே தோன்றியது. இருந்தும் அவன் கேட்டபோது தலையை ஆட்டினாள்.

"வாயத் தொறந்து சொல்லு அமலா. இப்ப கேக்குதா?"

"கேக்குதுங்க."

அவள் காத்திருந்தாள். அடுத்த கேள்வி வராமல் போகவே, இத்தனை வருஷத்து வழக்கத்தை மீறிக் கண்ணைத் திறந்து திரும்பினாள்.

வால்வுகள் எல்லாம் துணி மேல் வரிசையாகப் படுத்திருந்தன. பெட்டியில் ஒன்றுகூட இல்லை. வெறும் ஓட்டைகள்தான் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தன. வால்வே இல்லாத ஆம்ப்ளிஃபயரில் விசில் எங்கிருந்து வரும்? ஸ்பீக்கரை நெஞ்சோடு கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாலும் ஒரு பொட்டுச் சத்தம் வராது. கையும் களவுமாகப் பிடிபட்டவளாக அவள் எழுந்து நின்றாள்.

"எனக்கும் கேக்குது," என்றான் தென்னரசு.

அவன் பிளக்கைப் பிடுங்கினான். வால்வு இல்லாததால் உள்ளே தேங்கி நின்ற கரண்டை இறக்க, எப்போதும் செய்வது போலக் குண்டு பல்பின் ரெண்டு ஒயரையும் பெரிய கண்டன்சரில் வைத்தான். பல்பு பளிச்சென்று ஒரு கணம் எரிந்து அணைந்தது. பெட்டியில் இருந்த கடைசிச் சொட்டும் போய்விட்டது. அவன் தலையைச் சாய்த்து, கொஞ்ச நேரம் காது கொடுத்தான்.

"இப்பவும் கேக்குது. அதே விசிலு," என்றான்.

அமலாவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. நான் சொன்னது அத்தனையும் பொய், முதல் நாளே ஒன்றும் இல்லை, உங்கள் மனசு உடைந்துவிடுமே என்றுதான் சொன்னேன், விழுப்புரம் டாக்டரம்மாவிடம்கூடப் போய் வந்தேன் என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டித் தீர்த்தாள். அவன் திட்டுவான் என்று நினைத்தாள். திட்டியிருந்தால் தேவலை.

"எனக்குக் கொஞ்ச நாளாவே சந்தேகந்தான். ராத்திரி படுத்துக்கினு இருக்கும்போதும் கேக்குதே, அது எப்படின்னு யோசிச்சிக்கினே இருந்தேன்," என்றான் அவன். "நீ கேக்குதுன்னு சொல்ற வரைக்கும் அது பெட்டியில இருந்துச்சு. ரிப்பேர் பண்ணிடலாம்னு இருந்தேன்."



அவன் கட்டிங் பிளேயரை எடுத்தான். மாதக்கணக்காக வைத்த சின்னக் கண்டன்சர்களை ஒவ்வொன்றாக நறுக்கிப் போட்டான். முதல் நாள் ஒயர் எப்படிப் போனதோ அப்படியே மறுபடி இழுத்தான். பழைய டிரான்ஸ்ஃபார்மரை எடுத்து மாட்டினான். அவசரப்படவில்லை. அவன் முடிப்பதற்குள் மழை விட்டுவிட்டது. வால்வுகளைச் செருகி, பிளக்கைப் போட்டு, கம்பி சிவக்கும் வரை காத்திருந்து, கிதாரை மடியில் வைத்துக்கொண்டான். அமலா தானாகவே போய்ச் சுவரைப் பார்த்து உட்கார்ந்தாள்.

அவன் மேல் தந்தியை மீட்டினான். தொலைந்துபோன அந்த மினுக்கு திரும்பி வந்து அறை முழுக்க நின்றது. ஆடி மாதத்து முதல் நாள் கேட்டதேதான், ஒரு குறையும் இல்லை. கண்ணை மூடிக்கொண்டே அவள் அழுதாள்.

"எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியல," என்றான் அவன் பின்னாலிருந்து. "பொய் சொல்லாம சொல்லு. எப்படி இருக்குது?"

"மொத நாள் மாதிரியே இருக்குதுங்க."

"விசிலு?"

"இல்லங்க."

"சரி," என்றான் தென்னரசு. பின்பலகையை வைத்துத் திருகாணிகளை முடுக்கினான். அறிவுச்செல்வனுக்கு அவளையே போன் போட்டு, பெட்டி தயார், வந்து எடுத்துக்கொண்டு போகலாம் என்று சொல்லச் சொன்னான்.