மணிக்கட்டைக் கழற்றி அனுப்பவும்

ஒரு புதுத் துப்பாக்கி உருப்படாத துப்பாக்கியாக இருக்க வேண்டும் என்று ஆர்லன் வாவ்ரா மனதார வேண்டிக்கொண்டது அந்த அக்டோபர் சனிக்கிழமைதான். அதுவரை அவருடைய வேண்டுதல்களெல்லாம் எதிர்த்திசையில் இருந்தன. நல்ல துப்பாக்கியாக வரட்டும், நாலு நல்ல வார்த்தை எழுதலாம், கம்பெனிக்காரர்களும் கிறிஸ்துமஸுக்குக் கல் மாதிரி ஒரு பழக் கேக் அனுப்பாமல் இருக்கட்டும்.

துப்பாக்கிப் பிரியர்களின் மாதப் பத்திரிகை ஒன்றில் முப்பது வருஷமாக அவருக்கு ஒரு பக்கம் உண்டு. சந்தைக்கு வரும் கைத்துப்பாக்கியைச் சுட்டுப் பார்த்து, எப்படி இருக்கிறது என்று சொல்ல வேண்டும். அந்தப் பக்கத்தை வாங்கிய உடனே பிரித்துப் படிப்பவர்கள் நெப்ராஸ்கா முழுக்க இருந்தார்கள். அவர்கள் படித்தது துப்பாக்கிக்காக இல்லை, அவருடைய நக்கலுக்காக. "நீங்கள் புகழ்ந்த துப்பாக்கி என் கையில் சுடும்போது சிக்கிக்கொள்கிறது" என்று யாராவது எழுதினால் அவர் கொடுக்கும் பதில் எப்போதும் ஒன்றுதான்: "துப்பாக்கியில் கோளாறு இல்லை ஐயா. மணிக்கட்டைக் கழற்றிக் கம்பெனிக்கு அனுப்பவும். வாரண்டி இருக்கிறதா என்று பார்த்துச் சொல்வார்கள்."

விஷயம் உண்மைதான். எடை குறைந்த துப்பாக்கிக்கு அந்தக் குணம் உண்டு. தோட்டா வெடித்ததும் மேலே இருக்கும் ஸ்லைடு பின்னால் ஓடி, வெடித்த தோட்டாவின் காலி ஓட்டை வெளியே வீசி, அடுத்த தோட்டாவை இழுத்து வர வேண்டும். பிடித்திருக்கும் கை சுவர் மாதிரி நின்றால்தான் அது முழுத் தூரமும் ஓடும். மணிக்கட்டு தளர்ந்தால் பாதியில் நின்றுவிடும். காலி ஓடு பாதி உள்ளே, பாதி வெளியே, கூரைமேல் புகைபோக்கி மாதிரி நட்டுக்கொள்ளும். அந்தப் பதிலைக் கோப்பையில் அச்சடித்து ஆர்லனின் அறுபதாவது பிறந்த நாளுக்குக் கொடுத்தவர் மெர்ல் குசெரா.

மெர்ல்தான் ஊருக்கு வெளியே, ஓடைக்கரை மேட்டை ஒட்டி இருக்கும் சுடுதளத்துக்குச் சாவிக்காரர், காவல்காரர், புல் வெட்டுகிறவர், எல்லாம். தானியக் கிடங்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அன்றைக்கு மேஜைமேல் ரேடியோவை வைத்துக் கால்பந்து வர்ணனை கேட்டுக்கொண்டிருந்தார். வழக்கம்போல நெப்ராஸ்கா அணி தோற்றுக்கொண்டிருந்தது.

ஆர்லன் சுட்டார். ஒன்று, இரண்டு, மூன்று. நாலாவதில் புகைபோக்கி.

காதுக்கவசத்தை விலக்கிக்கொண்டு மெர்ல் எட்டிப் பார்த்தார். "என்னடா இது, துப்பாக்கியா, சோளம் உரிக்கிற மெஷினா?"

"புதுசுடா. ஸ்பிரிங் இன்னும் இளகல."

"உனக்கு இளகிடுச்சு, அதுக்கு இளகல. சரி, சுடு."

எண்ணெய் போட்டுச் சுட்டார். புகைபோக்கி. வேறு பெட்டித் தோட்டாவை மாற்றினார். புகைபோக்கி. தோட்டாக்களை அடுக்கி வைக்கும் கூடான மேகசினில் இரண்டாவதைக் கைப்பிடிக்குள் செருகினார். முதல் குண்டிலேயே புகைபோக்கி.

"குடுடா, நான் நாலு போட்டுப் பாக்குறேன்" என்றார் மெர்ல்.

"இரு, சூடா இருக்கு."

கொஞ்ச நேரம் கழித்து மறுபடி கேட்டபோது, "இரு, குறிப்பலகையைச் சரி பண்ணணும்" என்றார். அதற்கப்புறம் கேட்டபோது, "முதல்ல காபி குடிப்போம்" என்றார். வேறொருவர் கை படாதவரை அது துப்பாக்கியின் கோளாறு. பட்டு, அது ஒழுங்காக ஓடிவிட்டால், கோளாறு வேறெங்கோ இருக்கிறது. எங்கே என்று ஆர்லனுக்குத் தெரியும். தெரிந்ததைத் தெரியாத மாதிரி வைத்துக்கொள்ளத்தான் இவ்வளவு எண்ணெய்.

ஆர்லனின் அண்ணன் லைலுக்கு இது முள்கரண்டியில் ஆரம்பித்தது. ஏழு வருஷத்துக்கு முந்தைய நன்றியறிதல் விருந்தில் அது அவன் கையிலிருந்து நழுவி விழுந்தது. எடுத்துக் கொடுத்தார்கள். மறுபடி விழுந்தது. "அவன் தட்டைக் கீழே நாய்த்தட்டு பக்கத்துலயே வெச்சுடுங்க, குனியுற வேலை மிச்சம்" என்றார் ஆர்லன். மேஜையே குலுங்கிச் சிரித்தது. எல்லோரையும்விட அதிகம் சிரித்தவன் லைல்தான். நரம்புகள் ஒவ்வொன்றாகச் செத்துக்கொண்டு வருகின்றன, புத்தி மட்டும் கடைசிவரை இருக்கும் என்று பிறகு ஓமாஹா நகர டாக்டர் சொன்னார். சில குடும்பங்களில் இது அடுத்தடுத்து வரும் என்றும் சொன்னார். "எங்க குடும்பத்துல சொத்துதான் அடுத்தவனுக்கு வராது டாக்டர்" என்று சொல்லி ஆர்லன் நர்ஸைச் சிரிக்க வைத்தார். மூன்றாவது குளிர்காலத்தில் லைலின் உடம்பில் கண்கள் மட்டும்தான் அசைந்தன. தம்பியின் ஜோக்குகளுக்கு அந்தக் கண்கள் சிரித்தன. ஜோக் தீர்ந்துபோன நாட்களில் ஆர்லன் பழையதையே திருப்பிச் சொன்னார். அதற்கும் சிரித்தன.

இந்த ஆகஸ்டில் ஆர்லனுக்கு டிரக்கின் சாவி திரும்ப மறுத்தது. சாவி தேய்ந்துவிட்டது என்றார். சட்டைப் பொத்தான் போட வரவில்லை. துவைத்துத் துவைத்துத் துளை சுருங்கிவிட்டது என்றார். இப்போது ஸ்பிரிங் இளகவில்லை.

காபிக் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக் குடித்தார். குளிருக்கு அப்படிப் பிடிப்பவர்கள் உண்டு. ஆனால் அன்றைக்குக் குளிர் இல்லை. பிறகு மேகசினில் தோட்டா ஏற்ற உட்கார்ந்தார். கட்டைவிரல் அழுத்த மறுத்தது. தோட்டா வழுக்கிப் புல்லில் விழுந்தது. மெர்ல் குனிந்து எடுத்து, மேகசினை அவர் கையிலிருந்து வாங்கி, மீதியைத் தானே ஏற்றினார். நக்கலடிக்கக் கிடைத்த சந்தர்ப்பத்தை ஆயுளில் ஒருமுறையும் விடாத மனிதர், அப்போது ஒரு வார்த்தையும் பேசவில்லை. அதிலேயே ஆர்லனுக்குப் புரிந்திருக்க வேண்டும்.

மெர்ல் துப்பாக்கியையும் கேட்காமலே எடுத்துக்கொண்டார். ஆர்லன் தடுக்க எழுந்திருப்பதற்குள் சுட ஆரம்பித்துவிட்டார். ஒன்று, இரண்டு.

மூன்றாவதில் புகைபோக்கி.

"பாத்தியா" என்றார் ஆர்லன். குரல் அவருக்கே புதிதாக இருந்தது. "பாத்தியாடா. நான் சொல்லல?"

"குப்பைடா" என்றார் மெர்ல், துப்பாக்கியை மேஜைமேல் வைத்துவிட்டு. "கிழிச்சு எழுது."

ஆர்லன் அங்கேயே வாய்விட்டுக் கிழிக்க ஆரம்பித்தார். "தோட்டா போட்டு வைக்க அழகான பெட்டி. எடை குறைவு என்பதால் தூக்கி எறிய வசதி." அந்தத் துப்பாக்கியைச் செய்தவர்கள் ஒரு அப்பாவும் மகளும். வேறு மாநிலத்தில் ஒரு கொட்டகையில் கம்பெனி வைத்திருந்தார்கள். தன் இரண்டு வரியில் அந்தக் கொட்டகை மூடிவிடும் என்பது தெரிந்தும் மனசு துள்ளியது. தான் சாகப்போவதில்லை என்று தெரிந்த மனிதனுக்கு அடுத்தவன் கொட்டகை கண்ணில் படுவதில்லை.

அந்த நேரம் பார்த்து லூவான் வந்தாள். ஆர்லனின் மனைவி. பள்ளிக்கூடச் சமையலறையில் இருபது வருஷம் பெரிய பாத்திரங்களைத் தூக்கியதில் அவள் விரல் மூட்டுகள் வீங்கி இஞ்சிக்கிழங்கு மாதிரி ஆகியிருந்தன. டப்பாவில் கசகசா வைத்த கொலாச்சி ரொட்டி கொண்டுவந்திருந்தாள்.

"லூ, இந்தத் துப்பாக்கி குப்பை" என்றார் ஆர்லன், பிள்ளை பிறந்த செய்தி சொல்வதுபோல. "மெர்ல் கையிலயும் சிக்குது."

"அப்படியா? எங்க, குடு. மாசத்துக்கு ஒண்ணு வீட்டுக்கு வருது, நான் எதையும் தொட்டதில்ல."

"விடு லூவான்" என்றார் மெர்ல். "உன் விரலுக்கு இதெல்லாம் வேண்டாம்."

"என் விரல் எதுக்கு ஆகும்னு நீ சொல்லாத மெர்ல்."

"சுடட்டும்டா" என்றார் ஆர்லன். "சிக்கும், பயப்படாத."

அவள் கண்ணாடி போட்டுக்கொண்டு, காதுக்கவசத்தை முடிமேல் இழுத்துவிட்டு, அடுப்பில் பால் பொங்குகிறதா என்று பார்க்கிற முகத்தோடு சுட்டாள். சுட்டுக்கொண்டே இருந்தாள். காலி ஓடுகள் ஒவ்வொன்றும் வலப்பக்கம் பறந்து புல்லில் விழுந்தன. மேகசின் தீர்ந்ததும் ஸ்லைடு ஒழுங்காகப் பின்னால் போய் நின்றது.

"இதுல என்ன கோளாறு?"

இன்னொரு மேகசினைச் செருகி, இந்த முறை ஒரு கையால் மட்டும் சுட்டாள். அதுவும் தீரும்வரை ஓடியது.

ஆர்லன் மெர்லைப் பார்த்தார். மெர்ல் ரேடியோவின் சத்தத்தைக் கூட்டிக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் ஆர்லனுக்கு, தான் பார்த்தும் பார்க்காமல் விட்டது கண்முன் வந்தது. சுடும்போது வேலிக்கம்பு மாதிரி விறைத்து நிற்கும் மெர்ல், மூன்றாவது குண்டுக்கு முழங்கையை மடக்கினார். மணிக்கட்டு, கழுத்துத் திருகிய கோழி மாதிரித் துவண்டது. ஊரில் யார் சுட்டாலும் பின்னால் நின்று குறை சொல்லும் ஆர்லன், இதைப் பார்த்துவிட்டுத்தான் "பாத்தியா" என்றிருக்கிறார்.

"மெர்ல்."

"ம்."

"வேணும்னே பண்ணினியா?"

"தோட்டா பழசா இருக்கும்டா."

"உன்னத்தான் கேக்குறேன்."

மெர்ல் தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டார். "நீ காலையிலேருந்து பண்றத நான் ஒரு தடவ பண்ணிப் பாத்தேன். கைய அப்படித் தொங்கவிடுறது எவ்ளோ கஷ்டம் தெரியுமாடா? எனக்கு..." அதற்குமேல் ஜோக் வரவில்லை. ரேடியோவை அணைத்தார். தோல்வி அதுபாட்டுக்கு வேறெங்கோ நடக்கட்டும் என்பதுபோல.

லூவான் காலி மேகசினைக் கழற்றித் துப்பாக்கியை மேஜைமேல் வைத்தாள். "பொத்தானுக்குப் பதிலா அழுத்துற பட்டன் வெச்ச சட்டையா ஏன் வாங்கிட்டு வர்றேன்னு நீ ஒரு நாளாவது கேட்டியா ஆர்லன்?"

"அது கௌபாய்ங்க போடுற சட்டையாச்சே. கௌபாயைக் கட்டிக்கணும்னு உனக்கு ஆசைன்னு நினைச்சேன்."

"வியாழக்கிழமை ஓமாஹா போறோம். டாக்டர்கிட்ட நேரம் வாங்கிட்டேன். முன்னாடியே சொன்னா சாவி, ஸ்பிரிங்னு எதையாவது சொல்லுவன்னுதான் சொல்லல."

ஆர்லன் எழுந்து போய் மேகசினைச் செருகினார். இரண்டு கைகளாலும், தோளாலும், பல்லாலும் பிடித்தார் என்றே சொல்லலாம். லைலுக்காக, தனக்காக, அந்த முள்கரண்டிக்காகப் பிடித்தார். இரண்டாவது குண்டில் காலி ஓடு எழுந்து நின்றது. அதை எடுத்துவிடக்கூட ஸ்லைடை இழுக்க வேண்டும். விரல்கள் அதன்மேல் வழுக்கிக்கொண்டே இருந்தன. கடைசியில் மெர்ல்தான் வந்து இழுத்துவிட்டார்.

"குப்பைன்னே எழுதிடு" என்றார் மெல்ல. "யாருக்குடா தெரியப் போகுது?"

"அந்த அப்பாவும் மகளும் என்னடா பண்ணினாங்க?"

மெர்ல் கொலாச்சி டப்பாவைத் திறந்து நீட்டினார். யாரும் எடுக்கவில்லை.

டிரக்கை மெர்ல் பிறகு கொண்டுவந்து விடுவதாக ஏற்பாடு. ஆர்லன் சாவியை அவரிடம் கொடுத்துவிட்டு, மனைவியின் காரில் அவளுக்குப் பக்கத்து இருக்கையில் ஏறினார். சீட்பெல்ட்டை இழுத்துவிட்டார், செருக வரவில்லை. லூவான் மூக்குக் கண்ணாடியைத் தேடுகிற மாதிரி கைப்பையைக் குடைந்துகொண்டிருந்தாள். கண்ணாடி அவள் தலைமேலேயே இருந்தது. அவர் மறுபடி முயன்றார். அவள் இன்னும் தேடினாள்.

"லூ" என்றார் கடைசியில். "நீயே போட்டுவிடு."

அவள் குனிந்து போட்டுவிட்டாள். வண்டி அறுவடை முடிந்த சோளக்காடுகளுக்கு நடுவே போனது. தூரத்தில் யாரோ ஒருவரின் அறுவடை இயந்திரம் புழுதியைக் கிளப்பிக்கொண்டிருந்தது.

"எழுதிக்கோ" என்றார்.

"ஓட்டுறேன் ஆர்லன்."

"சரி, ஞாபகத்துல வெச்சுக்கோ. எடை குறைவு, குறி சுத்தம். என் மனைவியின் வீங்கின விரல்களில் இரண்டு மேகசின் தீரும்வரை ஒருமுறைகூடச் சிக்கவில்லை. தாராளமாக வாங்கலாம்."

லூவான் தலைமேலிருந்த கண்ணாடியை இறக்கி மாட்டிக்கொண்டாள். "உன் கையில எப்படி இருந்துச்சுன்னு படிக்கிறவங்க கேப்பாங்களே."

"கேட்டா என்ன? அதுக்குப் பதில் முப்பது வருஷமா ரெடியா இருக்கு."

இந்த ஜோக்குக்கு அவள் சிரிக்கவில்லை. அவரும் காத்திருக்கவில்லை. மடியில் கிடந்த வலது கையைப் பார்த்தார். கட்டைவிரலுக்குக் கீழே, தோலுக்கு உள்ளே, அவர் சொல்லாமலே சதை துள்ளிக்கொண்டிருந்தது, கரையில் போட்ட மீன் மாதிரி. லைலுக்கும் இப்படித்தான் துள்ளியது. ஆர்லன் இடது கையால் தொப்பியைக் கழற்றி அதன்மேல் கவிழ்த்து வைத்தார்.